ராஜாவுக்கு எத்தனை அடி உயரம்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். "ஃபேண்டஸி கதைகளில் தலைவன் என்று யார் வந்தாலும் ஆறடிக்குக் குறையாமல் வருகிறான். என் கதையில் படைத்தலைவி நாலடி பத்தங்குலம். 'இவள் சொன்னால் எவன் கேட்பான்?' என்று என் நண்பன் சிரிக்கிறான். அவளுடைய உயரத்தைக் கூட்டிவிடவா?" கூடவே முதல் மூன்று அத்தியாயங்களையும் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன்.

கூட்ட வேண்டாம். ஆனால் உங்கள் நண்பரின் சிரிப்பையும் ஒதுக்கித் தள்ள முடியாது. அதற்குப் பின்னால் நம் மொழியே நிற்கிறது. தலைவன் என்ற சொல்லிலேயே தலை இருக்கிறது. மதிப்புக்குரியவர் பெரியவர், அலுவலகத்தில் மேலதிகாரி, கட்சியில் முடிவெடுப்பது மேலிடம். வழக்கு என்பது 'உயர்ந்தோர்' பக்கம் என்று தொல்காப்பியரும் சொல்லிவிட்டார். இவர்களை யாரும் நாடா வைத்து அளந்ததில்லை, ஆனாலும் சொல்லைக் கேட்டதும் கழுத்து தானாக அண்ணாந்துகொள்கிறது. விவிலியத்தில் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலை அறிமுகம் செய்யும்போதே, மற்ற ஜனங்களெல்லாம் அவன் தோளுக்குக் கீழேதான் இருந்தார்கள் என்று வருகிறது. அடுத்த ராஜாவைத் தேடிப் போன சாமுவேலும் ஈசாயின் மூத்த மகனைப் பார்த்ததும் இவன்தான் என்று முடிவு கட்டப் போக, அவன் உயரத்தைப் பார்க்காதே என்று ஆண்டவரே குறுக்கிட வேண்டியிருந்தது. கடைசியில் கூப்பிட்டு அனுப்பியது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டி தாவீதை.

ஃபேண்டஸி இந்தப் பழைய பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு எழுதப்படுகிற பெரும்பாலான கதைகளுக்கு மூலக்கடை ஆங்கில எழுத்தாளர் டோல்கீன்தான் என்பதால் அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நூமனோர் என்ற தீவின் மக்களை அவர் மற்ற மனிதர்களைவிட உயரமானவர்களாகப் படைத்தார். அங்கிருந்து தப்பி வந்து அரசு அமைத்த எலண்டிலுக்குப் பட்டப்பெயரே 'நெடியோன்'. அவருடைய குறிப்புகளைக் கணக்குப் போட்டால் ஏழரை அடிக்கு மேல் போகிறது. யுகங்கள் கடந்து அந்த வம்சம் தேயத் தேய உயரமும் தேய்கிறது. அரசுரிமை, ஆயுள், உயரம் மூன்றும் ஒரே ரத்தத்தில் ஓடுகிறது என்பது ஏற்பாடு. எனக்கு அவருடைய உலகத்தில் பிடிக்காத இடம் இது. உயரமாகப் பிறந்தவனுக்கு அரியணையும் பிறப்பிலேயே வந்துவிட்டால், அப்புறம் கதை எதற்கு?

ஆனால் டோல்கீன் வெறும் கோட்பாட்டுக்காரர் இல்லை, நல்ல கதைசொல்லி. காட்சிகளை எழுதும்போது அவர் செய்வது வேறு. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் அந்த வம்சத்தின் வாரிசான ஆரகார்ன் முதலில் நம் கண்ணில் படுவது ஒரு விடுதியின் மூலையில், சேறு படிந்த பூட்ஸோடு, முக்காட்டுக்குள் முகம் மறைய உட்கார்ந்திருக்கிறவனாக. காலை நீட்டிக்கொண்டு புகைபிடிக்கிறான். ஊரார் அவனை ஒரு நாடோடியாகத்தான் நினைக்கிறார்கள். பிறகு அறைக்குள் தனியாகப் பேசும் நேரத்தில் அவன் எழுந்து நிற்க, சட்டென்று உயரம் கூடினாற்போலத் தோன்றுகிறான். ரோஹான் நாட்டுப் புல்வெளியில் குதிரைவீரர்கள் சூழ்ந்துகொள்ள, தான் யார் என்று அறிவிக்கிறான். அப்போது அவன் வளர்ந்துவிட்டது போலவும், எதிரே நின்ற அவர்கள் தலைவன் ஏயோமர் சிறுத்துப்போனது போலவும் கூட வந்தவர்களுக்குப் படுகிறது. கடைசியில் முடி சூடும்போது பழைய கடலரசர்களின் உயரத்தில் நிற்கிறான். ஒரே ஆள்தான். அளவெடுத்தால் மூன்று இடத்திலும் ஒரே எண்தான் வரும். கூடிக்கொண்டே போவது எதிரே நிற்பவரின் கண்ணில் உள்ள உயரம்.

அதே கதையில் எல்ஃப் இனத்துத் தலைவி காலாட்ரியல் வரும் காட்சியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சிறுவன் போலிருக்கும் ஃபுரோடோ பேரதிகாரம் தரும் மோதிரத்தை நீட்டுகிறான். அவள் ஒரு கணம் அதை ஆசைப்பட்டுப் பார்க்கிறாள். அந்தக் கணத்தில் அளவிட முடியாத உயரத்தில் நிற்கிறாள். வேண்டாம் என்று முடிவு செய்ததும் சுருங்கி, வெள்ளை உடை உடுத்திய மெலிந்த ஒரு பெண்ணாக நிற்கிறாள். அதிகாரம் வந்ததும் கூடி, விட்டதும் குறைகிற உயரம். இந்த வித்தையை அவர் இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதினார், ஆனால் நமக்கு இது பால்வாடிப் பாடம். மாவலியின் யாகசாலைக்குள் குடையும் கமண்டலமுமாக நுழைகிற குள்ளன் மூன்றடி மண் கேட்கிறான். தாரை வார்த்த நீர் கையில் விழுந்ததும் ஓங்கி உலகளக்கிறான். தானம் உறுதியாகும் வரை அவன் குள்ளன்தான் என்பதைக் கவனியுங்கள். அசோகவனத்தில் அனுமன், இத்தனூண்டு குரங்கு எப்படிக் கடலைத் தாண்டியது என்று சீதைக்கு ஐயம் வரும்போது வானளாவ வளர்ந்து காட்டுகிறான், அவள் அடங்கச் சொன்னதும் அடங்குகிறான். நம் கதைகளில் உயரம் சான்றிதழ் மாதிரி. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், மற்ற நேரம் மடித்துப் பையில் வைத்திருப்பார்கள்.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, தெக்கோங் தீவுக்குப் போன முதல் வாரம், அணிவகுப்புக்கு உயரவாரியாக நிற்கச் சொன்னார்கள். நெட்டையன் வலக்கோடி, குட்டையன் இடக்கோடி. நான் இடக்கோடியிலிருந்து மூன்றாவது ஆள். வலக்கோடியில் நின்றவனைத்தான் முதல் நாளிலிருந்தே எல்லோரும் கேள்வி கேட்டார்கள்: சாப்பாடு எத்தனை மணிக்கு, நாளைக்கு என்ன உடை. அவனுக்கும் ஒன்றும் தெரியாது பாவம், எங்களைப் போலவே முந்தின நாள்தான் தலையை மொட்டை அடித்திருந்தான். மூன்று வாரத்தில் அது மாறிவிட்டது. எங்கள் சார்ஜண்ட் குரலை உயர்த்தவே மாட்டார். 'செடியா' (மலாயில் 'நேராக நில்') என்று அவர் மெதுவாகச் சொன்னாலும் நாற்பது பேரின் குதிகால்களும் சேர்ந்துவிடும். இரவு நடைப்பயிற்சியில் ஒருவன் கால் மடங்கி விழுந்தபோது அவன் பையையும் தன் பையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு கடைசிவரை நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நடந்த எனக்கு அந்தப் பைகள் இரண்டும்தான் நினைவிருக்கின்றன.

பல வருடம் கழித்துத் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றபோது பக்கத்தில் ஒருவர் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அடையாளம் கண்டு திரும்பினேன். அவர் தலை என் புருவத்துக்குத்தான் வந்தது. நானே ஐந்தடி நாலங்குலம். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை, ஏனென்றால் என் நினைவில் அவர் ஆறடி. "எஸ் சார்ஜண்ட்" என்று வாய் தானாகச் சொன்னது. மீன்காரர் சிரித்துவிட்டார்.

இதற்கு ஓர் ஆய்வே உண்டு. 1968-ல் ஆஸ்திரேலியாவில் வில்சன் என்ற உளவியலாளர் ஒரே ஆளை வெவ்வேறு வகுப்புகளுக்கு வெவ்வேறு பதவி சொல்லி அறிமுகப்படுத்தினார். ஒரு வகுப்பில் மாணவர், இன்னொன்றில் விரிவுரையாளர், மற்றொன்றில் பேராசிரியர். அவர் வெளியே போனபின் உயரத்தை மதிப்பிடச் சொன்னால், பதவி ஏற ஏற உயரமும் ஏறியது. 'மாணவர்' ஆக வந்தவரைவிட 'பேராசிரியர்' ஆக வந்தவர் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் உயரம்! உயரமானவர்களைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதிலும் உண்மை உண்டு. தலைவர்களை நாமே உயரமாக்குகிறோம் என்கிற மறுபக்கத்தை இந்த ஆய்வு காட்டுகிறது. ஃபேண்டஸிக்கு உதவுவது இந்தப் பக்கம்தான்.

இதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சாயங்காலம் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வாருங்கள். விக்டோரியா அரங்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை 1887-ல் முதலில் வேறிடத்தில் திறந்துவைத்தது, எட்டடி. பீடம் தனி. அந்த மனிதரை நேரில் பார்த்து எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், தமிழ் ரத்தமும் கலந்தவர், ராஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். அவருடைய சுயசரிதையில் ராஃபிள்ஸ் உயரமும் இல்லை குள்ளமும் இல்லை, நடுத்தர உடல்வாகு என்று வருகிறது. எட்டடி சிற்பியின் கொடை. 2019-ல், ராஃபிள்ஸ் வந்து இறங்கிய இருநூறாண்டு நிறைவையொட்டி, ஆற்றங்கரையில் உள்ள இன்னொரு சிலையான வெள்ளை ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் வேறு நால்வரின் சிலைகளை நிறுத்தினார்கள். அதில் அப்துல்லாவும் இருந்தார், ஆரம்பகாலத் தமிழ் வணிகர், நம் நாராயண பிள்ளையும் இருந்தார். நான் போய்ப் பார்த்தபோது ஒரு சின்னப் பையன் ஐவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இதுல யாரு பாஸ்?" என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துப் பக்கம், தெங் சியாவ்பிங்குக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1978-ல் இங்கே வந்துபோனவர், ஐந்தடி ஆள். சீனாவைத் திருப்பிப் போட்ட அவரை யாரும் குள்ளர் என்று நினைவில் வைத்திருக்கவில்லை.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். நெப்போலியனை ஐந்தடி இரண்டங்குலம் என்று குறித்தது பிரெஞ்சு அங்குலத்தில், அது இங்கிலாந்து அங்குலத்தைவிடப் பெரிது. கணக்குப் போட்டால் 168 சென்டிமீட்டருக்குக் குறையாது, அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரருக்கு அது சராசரிதான். ஆனால் லண்டன் கேலிச்சித்திரக்காரர் கில்ரே அவரைப் பூட்ஸுக்குள் முங்கிப்போகிற குட்டிப்பயலாகவே வரைந்து தள்ளினார். இருநூறு வருடமாக அந்தப் படம்தான் நிற்கிறது. நம் தலைவனை வளர்ப்போம், எதிரியின் தலைவனை வெட்டுவோம்.

அப்படியானால் இன்னும் உயரம் கூட்டினால் இன்னும் பெரிய தலைவனா? கிடையாது. ஒரு தலை உயர்ந்தவன் ராஜா. இரண்டு ஆள் உயரமானவன் காவல்காரன். ஹாரி பாட்டரில் ஹாக்ரிட் பள்ளியிலேயே பெரிய உருவம், அவருக்குக் கிடைத்தது சாவிக்கொத்தும் தோட்டத்துக் குடிசையும். ஜார்ஜ் மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை நடக்கும் வெஸ்டரோஸில் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவான கிரெகர் கிளெகேன் மற்றவர்கள் அவிழ்த்துவிடுகிற நாய். நம்மிடமும் அப்படித்தான். பீமன் இருக்க அரியணை தருமனுக்கு. கும்பகர்ணன் இருக்க இலங்கை ராவணனுக்கு, தூக்கம் மட்டும் தம்பிக்கு. நம் ஊர்க் கதையில் பாடாங்கும் அதே. பூதத்திடம் பலம் வாங்கி, கலிங்கத்திலிருந்து வந்த மல்லனை ஜெயித்து, பாறையைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்தில் எறிந்தவன். பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு அவனை ராஜாவின் தளபதி ஆக்குகிறது, அவ்வளவுதான். உடம்பு ஒரு எல்லையைத் தாண்டினால் வாசகன் அவனை ஆளாகப் பார்ப்பதை விட்டுக் கருவியாகப் பார்க்க ஆரம்பிக்கிறான். பெண்ணாக இருந்தால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். மார்ட்டினின் பிரையன் ஆறடிக்கு மேல், கதை முழுக்க அவளுக்குக் கிடைப்பது கேலி.

குள்ளமான பாத்திரத்துக்கு இருக்கிற ஆபத்து வேறு. "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். கெட்ட பழமொழி, ஆனால் எழுதுகிறவர்கள் பலர் தெரியாமலே அதன்படி எழுதுகிறார்கள். உயரம் கொடுக்காத குறைக்கு மூளையைக் கொடுத்து, மூளையைத் தந்திரமாக்கி, தந்திரத்தைத் துரோகமாக்கிவிடுவார்கள். டிரியன் லேனிஸ்டர் பாத்திரத்தின் வெற்றி, மார்ட்டின் அந்தக் குழியின் விளிம்பிலேயே நடந்தும் விழாமல் போனதுதான். டிரியன் தந்திரசாலிதான், ஆனால் தலைநகரம் முற்றுகைக்கு ஆளாகும்போது உயரமான அரசன் பின்வாங்க, படையை வாசலுக்கு வெளியே நடத்திப் போகிறவன் அவன்.

ஒரு வேடிக்கை. டிரியனாக நடித்த பீட்டர் டிங்க்லேஜின் உயரம் நாலடி ஐந்தங்குலம் என்கிறார்கள். டோல்கீனின் ஹாபிட்கள் என்ற குட்டி மனிதர்களில் பேண்டோபிராஸ் டூக் என்று ஒரு முன்னோர் உண்டு. குதிரை ஏறும் அளவுக்கு மாபெரும் உருவம், பூத வகைப் படையைத் தாக்கி விரட்டியவர், ஊரே கொண்டாடிய வீரர். அவருடைய உயரமும் நாலடி ஐந்தங்குலம்! ஓர் ஊரில் கேலிப்பொருள், இன்னோர் ஊரில் ராட்சசன். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கதையில் மற்றவர்கள் எத்தனை அடி என்று நீங்களும் ஒரு தடவை யோசியுங்கள். மூன்று அத்தியாயத்தில் அது எங்கேயும் வரவில்லை.

ஹாபிட்களைப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த இடம். போருக்குப் போன நால்வரில் மெர்ரியும் பிப்பினும் மரமனிதர்களின் பானத்தைக் குடித்து சில அங்குலம் வளர்ந்து திரும்புகிறார்கள். ஊருக்கு வந்ததும் அவர்கள்தான் கலகத்தை நடத்துகிறார்கள். பிறகு ஆளுக்கொரு பரம்பரைப் பதவியில் அமர்கிறார்கள். தோட்டக்காரன் சாம் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. அவன் ஊர் மேயர் ஆகிறான், ஏழு தடவை. அந்த நாட்டில் ஓட்டுப் போட்டு எடுக்கிற பதவி அது. இதை டோல்கீன் வேண்டுமென்று வைத்தாரோ தானாக விழுந்ததோ, நூமனோரின் ரத்தக் கணக்குக்கு அவருடைய புத்தகத்திலேயே இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

சின்ன உருவத்தைக் கண்டு சிரிப்பவர்களும் உண்டு, பயப்படுபவர்களும் உண்டு. பயம் கதைக்கு இன்னும் நல்ல தீனி. புக்கிட் மேரா கதையை இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். வாள்மீன்கள் கரைக்குப் பாய்ந்து ஆட்களைக் குத்துகின்றன. ராஜா தன் ஆட்களின் கால்களையே வேலியாக நிறுத்துகிறார், பிணம் விழுகிறது. ஒரு சிறுவன் வந்து, ஏன் வாழைத்தண்டை நட்டு வேலி போடக் கூடாது என்கிறான். மீன்கள் தண்டில் குத்தி மாட்டிக்கொள்கின்றன. ஊர் பிழைக்கிறது. ஆனால் அமைச்சர்கள் ராஜாவின் காதில் ஓதுகிறார்கள்: இத்தனை வயதிலேயே இவ்வளவு புத்தி என்றால், வளர்ந்தால்? பையனைக் கொன்றுவிடுகிறார்கள். அவன் ரத்தம்தான் அந்த மலை மண்ணைச் சிவப்பாக்கியது என்று சொல்வது வழக்கம். அவனுடைய வராத உயரத்துக்கு ஒரு அரசவையே நடுங்கியது என்பதை யோசித்துப் பாருங்கள். இந்தத் தீவில் இருந்துகொண்டு ஃபேண்டஸி எழுதுகிற யாருக்கும் இதைவிடப் பெரிய கச்சாப்பொருள் கிடைக்காது.

கந்தபுராணத்திலும் இந்தச் சிக்கல்தான், முடிவு வேறு. தேவர் படைக்குத் தலைவன் ஒரு பிள்ளை. சூரபன்மன் அவனைப் பொருட்படுத்தவில்லை. போர்க்களத்தில் பேருருவைப் பார்த்தபின் "பாலன் என்று இருந்தேன் அந்நாள், பரிசிவை உணர்ந்திலேன் யான்" என்று வாய்விட்டுச் சொல்கிறான். கச்சியப்பர் அந்த வரியை எதிரியின் வாயில் வைத்தார். தேவர்கள் சொல்லியிருந்தால் அது வெறும் துதி. பத்துமலையில் அந்தப் பாலனுக்கு நூற்று நாற்பது அடியில் சிலை வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்குப் பேருந்தில் போய் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சூரபன்மன் நினைவுதான் வரும்: அவன் ஒருவனுக்குப் போர் முடிகிற நேரத்தில் புரிந்ததை நாம் சிமெண்டில் முதலிலேயே எழுதிவைத்துவிட்டோம்.

சரி, உங்கள் படைத்தலைவிக்கு வருவோம். முதல் அத்தியாயத்திலேயே அவள் நாலடி பத்தங்குலம் என்று எண்ணைச் சொல்லிவிட்டீர்கள். எண்ணை எடுத்துவிடுங்கள். அவளைப் பார்க்கிற ஆள் எங்கே பார்க்கிறான் என்று எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்தவன் குனிந்து பார்ப்பான். பத்து வருடம் கூட இருந்தவனுக்கு அவள் உயரம் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வித்தியாசம் ஒன்றே போதும், அவள் யார் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் அத்தியாயத்தில் அவளுடைய வாள்வீச்சைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். குள்ளமாக இருப்பதற்கு ஈடுகட்டுகிற மாதிரி இருக்கிறது, பாதியாகக் குறைக்கலாம். அவள் கவசம் யாருக்கோ தைத்ததை வெட்டிச் சிறிதாக்கியது என்று ஒரு வரி போகிறபோக்கில் வருகிறதே, அதை விடாதீர்கள். அந்தக் கவசம் முதலில் யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாம் அத்தியாயத்தில், போருக்கு முந்தின இரவு, அவள் ஒரு பாறைமேல் ஏறி நின்று பேசுகிறாள். பாறையை எடுத்துவிடுங்கள். அவள் தரையிலேயே நிற்கட்டும். முன்வரிசைக்காரர்கள் யாரும் சொல்லாமல் தாங்களாகவே உட்காரட்டும், அவர்களைப் பார்த்து அடுத்த வரிசையும். பின்னால் இருப்பவர்களுக்கு அவள் தெரிய மாட்டாள், குரலும் எட்டாது. அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, நடுவில் இருப்பவன் அதைத் திரும்பிப் பின்னால் சொல்ல, அவன் பின்னால் இன்னொருவன் சொல்ல, கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்வரை அவள் காத்திருக்கட்டும்.